நாற்பத்து மூன்று பிடி அரிசி

செம்மண் மேடான தேரிக்காட்டின் ஓரத்தில் நேசபுரம் என்று ஓர் ஊர். அங்கே ஆண்டுக்கு ஒருமுறை கோயிலில் அசனம் நடக்கும். ஆராதனை முடிந்ததும் ஊர் முழுவதும் ஒரே பந்தலில் உட்கார்ந்து உண்ணும் விருந்து அது. யார் வந்தாலும் இலை உண்டு. எந்த ஊர், யார் வீடு என்று கேட்பதில்லை. அண்டாவுக்கு முன்னால் நின்று கிண்டுகிறவர்கள் ஆண்கள். கறி நன்றாயிருந்தது என்ற பெயரும் அவர்களுக்கே. அந்தக் கறிக்கான மசாலாவை முந்தின நாள் காலை தொடங்கி அம்மியில் அரைத்து உருட்டிக் கொடுத்தவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததில்லை. அவர்தான் ஞானப்பூ அம்மாள்.

மற்ற நாட்களில் போதகர் வீட்டிலும், கல்யாணம் நடக்கிற வீடுகளிலும் சமைத்தும் பாத்திரம் தேய்த்தும் பிழைத்தார். எழுத்து தெரியாது. வேதத்தைக் காதால் கேட்டே நெஞ்சில் வைத்திருந்தார். மிளகாய் அரைத்து அரைத்து அவருடைய உள்ளங்கை எந்நேரமும் காந்திக்கொண்டிருக்கும். ஜெபத்தில் கை கூப்பும்போது அந்த எரிச்சல் கொஞ்சம் அடங்குகிறது என்று சொல்வார். அதை அவர் அற்புதம் என்று சொல்லவில்லை. கை சும்மா இருந்தால் எரிச்சல் குறையும் என்பது அவருக்கும் தெரியும்.

நேசபுரத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும்முன் ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு கலயத்தில் போடுவார்கள். அது கர்த்தருடைய பங்கு. மாதக் கடைசியில் கலயத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கலயத்துக்குள் விழுந்த அரிசியை வீட்டுக்காரி திரும்பத் தொடக் கூடாது. எல்லோரும் இதைச் செய்தார்கள். வீட்டில் அரிசி இருக்கிற நாளில் இது சுலபம்தான்.

ஞானப்பூ அம்மாளின் கணவர் தங்கையா பனையேறி. நெஞ்சு நோயில் விழுந்து ஓராண்டு படுக்கையில் கிடந்தார். அந்த ஐப்பசி மழையில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. மூலையில் கலயம் முக்கால் அளவுக்கு நிறைந்திருந்தது. தங்கையா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கலயத்துல கெடக்கே, பிள்ள" என்றார். அம்மாள் அவருடைய தலையைத் தடவிக்கொண்டு, "அது நம்மளுது இல்லையே" என்றார். பிறகு மழையில் இறங்கி நான்கு வீடு ஏறி, ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துக் கொடுத்துச் சோற்றுக் கஞ்சி வாங்கிவந்து அவருக்கு ஊட்டினார். தங்கையா அந்த மாதம் தாண்டவில்லை. கலயத்தைக் காக்கிற பூதம் என்று தெருவில் சிலர் அம்மாளைக் கேலி பேசினார்கள். புருஷனை விடவா அரிசி பெரிது என்றும் கேட்டார்கள்.  அந்தக் கேள்வி தமக்குள்ளும் இருந்தது என்று அம்மாள் பல ஆண்டுகள் கழித்துப் போதகரின் மனைவியிடம் சொன்னார். அப்படிச் சொல்லும்போது அழுதாராம்.

இப்படிக் காலம் போக, தேவபிச்சை என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருபத்தைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு எருசலேமுக்குப் புனிதப் பயணம் புறப்பட ஏற்பாடு செய்தார். பயணிகளுக்கு ஆண்டவர் பிறந்த மண்ணைப் பார்க்க ஆசை மிகுதி. அந்த மண்ணின் ரொட்டியை மூன்று வேளையும் தின்ன மட்டும் மனமில்லை. ரசமில்லாமல் பத்து நாள் பக்தியாக இருப்பது எப்படி என்று கூடிக் கூடி யோசித்தார்கள். கடைசியில் சமைக்க ஒருவரைக் கூட்டிப்போவது என்று முடிவாயிற்று. போதகர் ஞானப்பூ அம்மாளின் பெயரைச் சொன்னார். சமைப்பதும், மற்றவர்கள் கோயிலுக்குள் போகும்போது பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. கடைசி நாள் காலையில் ஆண்டவரின் கல்லறைக்குள் அவரையும் அழைத்துப்போவதாகத் தேவபிச்சை வாக்குக் கொடுத்தார்.

செய்தி பரவியதும் பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த நாற்பத்து மூன்று பெண்களும் ஒரு ஞாயிறு மாலை அம்மாளின் வீட்டுக்கு வந்தார்கள். ஆளுக்கு ஒரு பிடி அரிசி முந்தானையில் கொண்டுவந்திருந்தார்கள். நாங்கள் எந்தக் காலத்தில் அங்கே போகப்போகிறோம், ஆண்டவரைக் கிடத்திய கல்லின்மேல் இதை எங்கள் பேரைச் சொல்லி வைத்துவிடு என்றார்கள். அங்கே அரிசி வைக்க விடுவார்களா, வைத்தால் அடுத்த நிமிடமே யாராவது துடைத்து எடுத்துவிட மாட்டார்களா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நேசபுரத்துப் பெண்களுக்குக் காணிக்கை என்றால் அரிசிதான். அது ஆண்டவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்கள். அம்மாள் வெள்ளைத் துணியில் ஒரு பை தைத்து, அத்தனை பிடியையும் அதற்குள் போட்டு வாயைத் தைத்து மூடினார். வைத்துவிட்டு வருகிறேன் என்று ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

விமான நிலையத்தில் பெட்டியின் எடை கூடிவிட்டது. உடன் வந்த லில்லி டீச்சர், அந்த அரிசிப் பையை எடுத்துப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார். "எருசலேம்ல அரிசிக்கா பஞ்சம்? ஞானப்பூக்கா, இதத் தூரப் போடுங்க" என்றார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அம்மாள் பெட்டியைத் திறந்து, போதகரின் மனைவி குளிருக்கென்று கொடுத்திருந்த கம்பளியையும் ஸ்வெட்டரையும் எடுத்து, வழியனுப்ப வந்தவர்களிடம் கொடுத்தார். எடை சரியாயிற்று. போன இடமெல்லாம் அவர் ஒரு பருத்திச் சேலையோடு நடுங்கினார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

புனிதத் தலங்களில் மற்றவர்கள் கண்டதையும் அம்மாள் கண்டதையும் நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. பெத்லகேமில் எல்லோரும் உள்ளே போய், ஆண்டவர் பிறந்த இடம் என்று தரையில் பதித்த நட்சத்திரத்தை முத்தமிட்டு, படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அம்மாள் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டிருந்தார். ஆண்டவரைப் பெற்ற அந்தப் பச்சை உடம்புக்கு அந்த ஊரில் யார் காய மருந்து இடித்துக் கொடுத்திருப்பார்கள்? வெந்நீர் யார் வைத்திருப்பார்கள்? சத்திரத்தில் இடமில்லை என்றால் தாயும் வரவில்லை, மாமியாரும் வரவில்லை என்றுதானே அர்த்தம்? முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து அடுப்பு மூட்டியிருப்பாள் என்று தீர்மானித்து, அந்தப் பேர் தெரியாத பெண்ணுக்காக ஸ்தோத்திரம் சொன்னார்.

கானாவூரில் கற்சாடியைக் காட்டி, தண்ணீர் திராட்சரசமானது இங்கேதான் என்றார்கள். பயணிகள் ரசத்தைப் பற்றிப் பேசினார்கள். அம்மாள் அந்தச் சாடியின் வாயை அளந்து பார்த்துவிட்டு, இப்படி ஆறு சாடியை நிரப்ப எத்தனை குடம் சுமந்திருப்பார்கள், பாவம், அவர்களுக்குத்தான் முதலில் விஷயம் தெரிந்திருக்கும் என்றார். வேதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. தேவபிச்சை அந்தப் பகுதியை நாற்பது ஆண்டுகள் வாசித்திருந்தார். தண்ணீர் மொண்டவர்கள்மேல் அவர் கண் ஒருநாளும் நின்றதில்லை. அன்று பேருந்தில் அவர் அந்தப் பகுதியை எடுத்து மறுபடி வாசித்தார்.

பிறகு கலிலேயாக் கடலுக்கு வந்தார்கள். கடல் என்று பெயரே தவிர அது ஏரிதான். கரையோரச் சரிவில், தனியாக நின்ற ஒரு சிறு விடுதியில் தங்கினார்கள். ஒரு கிழவர் மட்டும் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். மறுநாள் எருசலேம் போவதால் பாரம் குறையட்டும் என்று அரிசி, பருப்பு, பாத்திரம் அடங்கிய பெட்டிகளைத் தேவபிச்சை முன்கூட்டியே ஒரு வண்டியில் எருசலேமுக்கு அனுப்பிவிட்டார். காணிக்கைப் பையை மட்டும் அம்மாள் கையிலேயே வைத்துக்கொண்டார். அன்று மாலை மழை பிடித்தது. ஓயாத மழை. விடிந்து பார்த்தால் விடுதிக்கு வரும் சாலையைச் சேறும் பாறையும் மூடிக் கிடந்தன. பேருந்து அந்தப் பக்கம் நின்றுவிட்டது. மின்சாரம் இல்லை, எரிவாயுவும் தீர்ந்துவிட்டது. சாலையைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆகும் என்று கிழவர் கையால் காட்டினார்.

முதல் நாள் பைகளில் கிடந்த பிஸ்கட்டும் கிழவரின் ரொட்டியும் போயின. இரண்டாம் நாள் காலையில் கிழவரிடம் மிஞ்சியிருந்தது வெங்காயமும் உப்பும்தான். வந்தவர்களில் பாதிப் பேர் சர்க்கரை நோயாளிகள். மாத்திரையும் ஊசியும் இருந்தன, வயிற்றில் போட ஒன்றும் இல்லை. மத்தியானத்துக்குள் லில்லி டீச்சர் சர்க்கரை இறங்கி, வியர்த்துப்போய், பேச்சுக் குழறி, சுவரோடு சாய்ந்துவிட்டார். ஒருவர் சட்டைப்பையில் கிடந்த மிட்டாயை வாயில் வைத்ததும் கொஞ்சம் கண் திறந்தார். அதற்குமேல் கொடுக்க மிட்டாய் இல்லை. இன்னும் இரண்டு முதியவர்களுக்குக் கை நடுக்கம் தொடங்கியிருந்தது.

தேவபிச்சைக்கு அரிசிப் பை நினைவு வந்தது. அவர் அதட்டிக் கேட்கக்கூடிய மனிதர். பள்ளிக்கூடத்தையே குரலால் நடத்தியவர். ஆனால் பெட்டிகளை அனுப்பிய தவறு தம்முடையது என்பதால் குரல் எழவில்லை. அம்மாளின் முன்னால் வந்து நின்று, "ஞானப்பூ, என்னால கேக்க முடியல. ஆனா கேக்காம இருக்கவும் முடியல" என்றார்.

அம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்து உட்கார்ந்தார். அவருக்கு அது மூன்று கிலோ அரிசி அல்ல. கலயத்தில் விழுந்துவிட்ட அரிசி. சாகப்போகிற புருஷன் கேட்டும் எடுக்காத அரிசி. இப்போது இதை எடுத்தால், அன்று எடுக்காததற்கு என்ன பதில்? அதுவாவது தம் கலயம், தம் பாடு. இது நாற்பத்து மூன்று பேருடையது. கொண்டுபோய் வைக்கிறேன் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்ன சொல். அடியார்களுக்குச் சோதனை வரும்போது பாதை பளிச்சென்று தெரியும் என்று சிலர் எழுதுகிறார்கள். ஞானப்பூ அம்மாளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் அழுதார். ஆண்டவரே, நீர் ஒரு வார்த்தை சொல்லும் என்று கேட்டார். மழைச் சத்தம் தவிர வேறு சத்தம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்தார். "பசிச்ச மனுஷருக்கு இல்லேன்னு சொல்லிட்டு, அந்த அரிசிய அவரு முன்னால எந்த மூஞ்சோட வைப்பேன், சார்வாள்? அடுப்புக்கு விறகு பாருங்க" என்றார்.

தையலைப் பிரித்தார். ஒரேயடியாகக் கொட்டவில்லை. ஒவ்வொரு பிடியாக அள்ளி, ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பானையில் போட்டார். பெயர்களைத் தெரு வரிசையில் வீடு வீடாக நினைவு வைத்திருந்தார். ஈர விறகை ஊதி ஊதி அவர் கண் சிவந்தது. தேவபிச்சை கூட உட்கார்ந்து ஊதினார். கஞ்சி வெந்தது. கிழவரின் வெங்காயத்தை நறுக்கிப் போட்டு உப்பிட்டு, முதலில் லில்லி டீச்சருக்கு ஆற்றி ஆற்றி ஊட்டினார். பிறகு எல்லோருக்கும், விடுதிக் கிழவருக்கும் கொடுத்தார். தாம் மட்டும் ஒரு வாய்கூட எடுக்கவில்லை. எல்லோரும் பிழைத்தார்கள். அடுத்த நாள் சாலை திறந்தது. பேருந்தில் லில்லி டீச்சர் தம்முடைய சால்வையை அம்மாளின் தோளில் போர்த்தினார்.  அம்மாள் அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, காலியான வெள்ளைப் பையை மடித்து மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

எருசலேமில் கடைசி நாள் காலை. வாக்குக் கொடுத்தபடி தேவபிச்சை அவரைக் கல்லறைக் கோயிலுக்கு அழைத்துப்போனார். ஆனால் அம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார். ஊரில் மசாலா அரைத்த நாளெல்லாம் நினைத்து ஏங்கிய இடம் இருபதடி தூரத்தில் இருந்தது.  வெறுங்கையோடு உள்ளே போய் அந்தப் பெண்களுக்கு என்ன பதில் சொல்வேன், நீங்கள் போய் வாருங்கள், செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

தேவபிச்சை சொன்னார்: "அந்த அரிசி எங்க எல்லாரு வயித்துலயும் கெடக்கு. நாங்க உள்ள போனா அதுவும் உள்ள போவும். நீ வா."

அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு, "அரிசி போவும் சார்வாள். அவிய பேரு எப்படிப் போவும்? அத நாந்தான சொல்லணும்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்.

கோயிலுக்குள்ளே ஒரு சிறு மண்டபம். அதற்குள்ளே குனிந்து நுழையும் தாழ்ந்த வாசல். அதற்கப்பால் ஆண்டவரைக் கிடத்திய கல். நான்கு பேருக்குமேல் அதற்குள் கொள்ளாது. வாசலில் கறுப்பு அங்கி அணிந்த ஒரு துறவி நின்றுகொண்டிருந்தார். வெளியே ஆயிரம் பேர் காத்திருக்கையில் அவர்தான் என்ன செய்வார். பத்து எண்ணும் நேரத்துக்குள் வாசல் கல்லைத் தட்டி வெளியே வரச் சொல்வார். தேவபிச்சையும் லில்லி டீச்சரும் அம்மாளும் உள்ளே போனார்கள். துறவி தட்டினார். இரண்டு பேர் வெளியே வந்தார்கள். அம்மாள் வரவில்லை. அவர் கல்லின்மேல் காலிப் பையை விரித்து, அதன்மேல் நெற்றியை வைத்து, தெரு வரிசையில் முதல் வீட்டிலிருந்து பெயர்களைச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

துறவி மறுபடி தட்டுவதற்காகக் குனிந்து உள்ளே பார்த்தார். ஓங்கிய கை அப்படியே நின்றது. நிமிர்ந்து, வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, வரிசையைக் கையால் நிறுத்திவிட்டார். பின்னால் பல மொழிகளில் முணுமுணுப்பு எழுந்தது. அவர் அசையவில்லை. நாற்பத்து மூன்று பெயரும் முடிந்து, அம்மாள் பின்னாலேயே குனிந்து நகர்ந்து வெளியே வந்தார். அவர் கண்ட காட்சி ஒன்றுமில்லை. குளிர்ந்த கல்லும் விளக்கும்தான். ஆனாலும் சொன்னதைச் செய்துவிட்ட நிம்மதி முகத்தில் இருந்தது.

துறவி அப்போதும் வரிசையை விடவில்லை. காத்துக்கொண்டே நின்றார். கூட வந்த வழிகாட்டி ஏன் என்று அவருடைய மொழியில் கேட்டார். துறவி தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். வழிகாட்டியின் முகம் மாறிற்று. மற்றப் பெண்களும் வெளியே வரட்டும், அவசரப்படுத்த வேண்டாம் என்கிறார் என்று தேவபிச்சையிடம் சொன்னார்.

தேவபிச்சை குனிந்து பார்த்தார். உள்ளே யாரும் இல்லை. துறவியும் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று வழிகாட்டி மூலம் கேட்டார் தேவபிச்சை. எண்ணவில்லை, சேலை உடுத்த பெண்கள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு முழங்காலில் நின்றார்கள், அத்தனை பேருக்கும் அங்கே எப்படி இடம் இருந்தது என்று தெரியவில்லை, கடைசியில் இருந்தவள் மடியில் பிறந்த சூட்டோடு ஒரு குழந்தை இருந்தது என்றார் துறவி.

வழிகாட்டி அதைச் சொல்லி முடித்தபோது கேட்டவர்கள் எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிந்தது.  ஞானப்பூ அம்மாள் மட்டும் திடுக்கிடவில்லை. முகம் மலர்ந்து, "கடைசி வீடு கனகமாக்கும். நான் பொறப்படையில நெறமாசம். அப்ப பெத்துட்டா" என்றார்.

புனிதத் தலங்களுக்குப் போய் வந்தவர்கள் பலர் உண்டு. தம்மோடு ஓர் ஊரையே உள்ளே அழைத்துப்போய், அதை அற்புதம் என்றுகூட நினைக்காமல் திரும்பி வந்த ஞானப்பூ அம்மாளின் காந்துகிற உள்ளங்கைகளுக்கு நம் வணக்கம்.